க்ளாக்கு அண்ணன் மூடாத வேலை

ஜவ்வாது மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சல்லடை போட்டுத் தேடினாலும், கம்ப்யூட்டரிடம் சொல்லிவிட்டுத் தும்முகிற மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். அவர் எங்கள் க்ளாக்கு அண்ணன். நான் கயிறு திரிக்கிறேன் என்று நினைப்பவர்கள் கணியம்பாடிக்குப் போய் இறங்கி, உரக்கடை மாடியில் இருக்கும் ஆபீஸ் எது என்று கேட்டு ஏறிப் பார்க்கலாம். மனிதர் இப்போதும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ஆதார் கார்டில் இருக்கிறது. ஒருமுறை கூரியர்காரர் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு படியேறி வந்தார். கீழே உரக்கடைக்காரர் தெரியாது என்று சொல்லிவிட்டார். நாங்களும் தெரியாது என்றோம். உள்ளேயிருந்து அண்ணனே திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லப்பா, பக்கத்து பில்டிங்ல கேளு" என்று அனுப்பி வைத்தார். கூரியர்காரர் வண்டியைக் கிளப்பிய பிறகுதான் அண்ணனுக்கு உறைத்தது. செருப்புகூடப் போடாமல் தெருவில் ஓடினார்.

அந்த ஆபீஸில் நான் சில வருடங்கள் வேலை பார்த்தேன். வெளிநாட்டு விதைக் கம்பெனி ஒன்றின் இணையப் பக்கங்களைப் பராமரிப்பதுதான் எங்கள் பிழைப்பு. எங்கள் தலைவி ஸ்டெல்லா மேடம். எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று மாதக் கடைசியில் கம்பெனிக்கு ரிப்போர்ட் அனுப்ப வேண்டும். அதற்காக நாங்களெல்லாம் போனில் ஒரு ஆப் வைத்திருந்தோம். வேலை தொடங்கினால் பச்சை பட்டன், முடிந்தால் சிவப்பு பட்டன். பாதி நாள் சிவப்பை அமுக்க மறந்துவிட்டு, மாதக் கடைசியில் குத்துமதிப்பாக எதையாவது போட்டு அனுப்புவோம்.

க்ளாக்கு அண்ணன் மட்டும் அந்த ஆப்பைத் தொட மாட்டார். அவரிடம் ஒரு டெக்ஸ்ட் எடிட்டர் இருந்தது. கறுப்புத் திரை, அதில் வெறும் எழுத்து. மவுஸுக்கு அங்கே வேலையே கிடையாது. அதற்குள்ளேயே வேலைகளை எழுதி வைக்கிற ஏற்பாடு ஒன்று உண்டு. வேலையின் பெயரை ஒரு வரியில் எழுதி, இரண்டு விசையைத் தட்டினால் அதற்குக் கீழே கடிகாரம் ஓடத் தொடங்கும். முடிந்ததும் மறுபடி தட்டினால் நின்றுவிடும். நடுவில் எழுந்து போய்விட்டால், திரும்பி வந்ததும் அது விசாரிக்கும். இவ்வளவு நேரம் கை படவே இல்லையே, இதைச் சேர்க்கவா, கழிக்கவா, தூக்கிப் போடவா என்று. அண்ணன் அதற்கு வாய்விட்டே பதில் சொல்வார். "டீ குடிக்கப் போனேம்பா, கழிச்சுக்கோ." எதிரில் உட்கார்ந்திருந்த புதியவர்கள் தங்களிடம்தான் சொல்கிறார் என்று நினைத்து எதைக் கழிப்பது என்று தெரியாமல் முழிப்பார்கள்.

ஆபீஸ் வேலையோடு நிறுத்தியிருந்தால் அவரைப் பற்றி நான் எழுத வேண்டியதே இல்லை. அவர் எல்லாவற்றுக்கும் கடிகாரம் ஓட்டினார். மத்தியானம் நாங்கள் ஊர்க்கதை பேச ஆரம்பித்தால், "இருங்க இருங்க, அரட்டைய ஆரம்பிச்சுக்கிறேன்" என்று விசையைத் தட்டிவிட்டுத்தான் வாயைத் திறப்பார். திறந்துவிட்டால் அவரை மிஞ்ச ஆளில்லை. அமிர்தி காட்டுக்குள் மாட்டைத் தேடிப் போன அவருடைய சித்தப்பாவுக்கு முன்னால் கரடி வந்து நின்ற கதையைச் சொல்லிக்கொண்டே வருவார். கரடி கையைத் தூக்கும். சித்தப்பா கண்ணை மூடுவார். "சரி, அரட்டை முடிஞ்சுது" என்று அண்ணன் திரும்பி உட்கார்ந்துவிடுவார். சித்தப்பா என்ன ஆனார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வீட்டிலும் இதே கூத்துதான். அவர் மனைவி வனஜா அக்கா ஒருநாள் ஆபீஸுக்கு வந்தபோது என்னிடம் வயிற்றெரிச்சலைக் கொட்டினார்.

"என்னாண்ட சண்டை போட்டாகூட க்ளாக்கு ஓட்டுறாரு சுமதி. நான் கத்திக்கினே கீறேன், இவரு 'ஒரு நிமிசம் வனஜா'ன்னு போய் டைப் அடிச்சுட்டு வர்றாரு. அப்புறம் எங்கேர்ந்து கோவம் வரும்? மாசக் கடைசில எனக்கே ரிப்போர்ட் காட்டுறாரும்மா. போன மாசத்துக்கு இந்த மாசம் சண்டை கம்மியாயிருக்குதாம், ரெண்டு பேரும் முன்னேறிக்கினு வர்றோமாம்!"

"முன்னேறிக்கினு தானே வர்றோம்?" என்றார் அண்ணன், திரையைப் பார்த்தபடி.

இப்படிப்பட்டவர் வாழ்க்கையில் சாமை வந்து சேர்ந்தது. விதைக் கம்பெனி சிறுதானியங்களுக்கு ஒரு பக்கம் போடப் போவதாகவும், மலையில் விளைந்து நிற்கும் சாமைக் கதிரைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்றும் சொல்லியிருந்தது. மலைமேல் இருக்கும் நெல்லிவாசல் நாட்டுக்கு யார் போவது என்று ஸ்டெல்லா மேடம் கேட்டதும் அண்ணன் கையைத் தூக்கினார். லேப்டாப்பும் கையுமாக ஷேர் ஜீப்பில் ஏறி, முட்டிக்கு நடுவில் யாருடைய கோழிக்கூடையோ இருக்க, வண்டி நகர்வதற்கு முன் 'சாமை போட்டோ எடுத்தல்' என்று எழுதிக் கடிகாரத்தை ஓடவிட்டார். ஒவ்வொரு வரியையும் அடித்த கையோடு சேமிப்பது அவர் வழக்கம். மேலே போன பிறகு சிக்னல் இல்லை. கரண்டும் இல்லை. படம் எடுத்து முடித்து, வேலையை மூடலாம் என்று லேப்டாப்பைத் திறந்தால் பேட்டரி செத்துக் கிடந்தது. ஒரு பை நிறையச் சாமையோடும் ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தோடும் மலையிறங்கினார்.

மறுநாள் ஆபீஸில் எடிட்டரைத் திறந்ததும் அது கேட்டது. 'சாமை போட்டோ எடுத்தல்' இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதே, என்ன செய்யட்டும்? தூக்கிப் போட்டால் தீர்ந்தது என்று நான் சொன்னேன். அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"இன்னாம்மா பேசுற? ஜீப்புல குந்திக்கினு இடுப்பு ஒடிய மலையேறுனேன். அந்த நேரத்த தூக்கிக் கடாசச் சொல்றியா?"

கோப்பைத் திறந்து, ஜீப் மலையிறங்கி வந்து சேர்ந்த நேரத்தைக் கையால் எழுதி, முறையாக மூடினார். எடிட்டரை மூடித் திறந்தார். அது அதே கேள்வியைக் கேட்டது. "அப்புறம் பாத்துக்கலாம், இப்ப கண்டுக்காத" என்று அதனிடம் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். அந்த மாதம் முழுக்கக் காலையில் அது கேட்பதும், இவர் கண்டுக்காதே என்பதும் ஒரு வணக்கம் சொல்லிக்கொள்வது போல ஆகிப்போனது.

மாதக் கடைசியில் ரிப்போர்ட் போனது. அந்த மாதம் அண்ணன் சாப்பிடாமல், தூங்காமல், சாமையை மட்டுமே படம் எடுத்ததாக அதில் இருந்தது. அதற்கு மேலே மற்ற வேலைகளும் வரிசையாக இருந்தன, பலவும் இரண்டு தடவை. விதைக் கம்பெனியின் அம்மையார் மிகவும் மரியாதையாகக் கடிதம் எழுதியிருந்தார். சாமை அவ்வளவு கூச்ச சுபாவமுள்ள பயிரா என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே, அடுத்த ரிப்போர்ட்டும் இப்படி வந்தால் வேலையை வேறு ஆட்களிடம் கொடுக்க நேரிடும் என்றும் எழுதியிருந்தார்.

ஸ்டெல்லா மேடம் கோபப்பட்டால் கத்த மாட்டார். குரல் இன்னும் தாழ்ந்துவிடும். அதுதான் பயம்.

"இன்னாங்க க்ளாக்கு, இந்த ஆபீஸ நம்பி இத்தினி பேர் கீறோம். அடுத்த ரிப்போர்ட்டுக்குள்ள அந்தக் கேள்வி நிக்கணும். இல்லாங்காட்டி நீங்களும் பச்சை பட்டனுக்கு வந்துடணும்."

"அந்த ஆப்பு நான் சொல்றத எங்க வைக்குதுன்னே தெரியல மேடம். இதத் தெறந்தா என் பொழப்பு எழுத்து எழுத்தா எனக்குத் தெரியுது. பச்சை பட்டனுக்கு நான் வர மாட்டேன். மச்சான் அமிர்தியில வாழை போட்டுக்கினு கீறான். அங்க போய்டுறேன்."

அண்ணன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவர் போய்விட்டால் அந்தப் பக்கங்களை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியாது. வாழைத் தோட்டத்தில் அவர் என்ன செய்வார் என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு தாருக்கும் கடிகாரம் ஓட்டுவார், மச்சான் ஒரே வாரத்தில் துரத்திவிடுவார். ஆக, ஒரு கேள்வியை வாயடைக்கச் செய்வதில் அவருடைய பிழைப்பும் எங்களுடையதும் தொங்கிக்கொண்டிருந்தன.

வைத்தியம் தொடங்கியது. எடிட்டர் மூடும்போது, ஓடுகிற கடிகாரத்தை ஒரு தனிக் கோப்பில் நினைவு வைத்துக்கொள்ளும். அதை அழித்துப் பார்த்தார். மறுநாள் கேள்வி வந்தது. நினைவு வைத்துக்கொள்ளும் வசதியையே நிறுத்திப் பார்த்தார். கேள்வி வந்தது. எடிட்டரை மொத்தமாகத் தூக்கிவிட்டுப் புதிதாக ஏற்றினார். அது புது மாப்பிள்ளை மாதிரி திறந்து, சாமையைப் பற்றி விசாரித்தது. உரக்கடைக்காரர் மேலே வந்து, ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னார். அதையும் செய்தோம்.

வனஜா அக்கா வேறு யோசனை சொன்னார். "அந்தச் சாமை வூட்டுல அப்படியே பையோட கீது. அத பொங்கிப் போட்டுட்டா பீடை வுட்டுடும்." சொன்னபடி ஒரு பெரிய குண்டான் நிறையச் சாமைப் பொங்கல் செய்து கொண்டு வந்தார். உரக்கடைக்காரர் வரைக்கும் எல்லோரும் வயிறு நிறையச் சாப்பிட்டோம். பொங்கல் பிரமாதமாக இருந்தது. மறுநாள் காலை கேள்வி வழக்கம் போல வந்தது.

அதைவிட ஒரு சங்கடம், கேள்வி பெருகிக்கொண்டே போனது. முதலில் ஒருமுறை கேட்டுவிட்டு விட்டுவிடும். அப்புறம் பதில் சொன்ன கையோடு அதே கேள்வியை மறுபடி கேட்டது. ஒவ்வொரு வைத்தியத்துக்குப் பிறகும் இன்னொரு தடவை கூடுதலாகக் கேட்டது. அண்ணன் காலையில் வந்து உட்கார்ந்து, "கண்டுக்காத, கண்டுக்காத, கண்டுக்காத" என்று ஜெபம் போலச் சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க முடிந்தது. ஸ்டெல்லா மேடம் மாதாவைக் கும்பிட்டுக்கொண்டார். ரிப்போர்ட் நாள் நெருங்கிவிட்டது. அண்ணனின் பேச்சில் சாமை போய் வாழை அதிகமாக வர ஆரம்பித்தது.

அன்று மத்தியானம் நான் அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டேன். கேள்வி கேட்கும்போது அதன் கீழே என்னென்ன பதில் சொல்லலாம் என்று ஒரு வரி ஓடும். சேர்க்க ஒரு எழுத்து, கழிக்க ஒரு எழுத்து, தூக்கிப் போட ஒரு எழுத்து. கடைசியில் ஒன்று இருந்தது.

"அண்ணே, இது இன்னாது?"

"அதுவா, அந்த வேலை எங்க எழுதியிருக்குதோ அங்க இட்டுக்கினு போவும். அங்க போய் இன்னாத்துக்கு? எங்க கீதுன்னு எனக்குத் தெரியாதா?"

"ஒரு தபா போய்த்தான் பாப்போமே."

சலித்துக்கொண்டே அந்த எழுத்தைத் தட்டினார். எடிட்டர் ஒரு கோப்பைத் திறந்து, ஓடிக்கொண்டிருந்த சாமை வரியில் போய் நின்றது. திரையின் அடியில் கோப்பின் பெயர் இருந்தது. அது அவருடைய வேலைக் கோப்பு இல்லை. 'இதுதான்-கடைசி' என்று இருந்தது.

அண்ணன் அதைப் பார்த்தார். அடுத்த கேள்விக்கும் அதே எழுத்தைத் தட்டினார். 'கடைசிக்கும்-கடைசி' என்று வந்தது. அதற்கடுத்தது 'சத்தியமா-கடைசி'.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. எங்கள் அண்ணன் ஜாக்கிரதை பேர்வழி. எதைத் தொடுவதற்கு முன்னாலும், கெட்டுப்போனால் என்ன செய்வது என்று ஒரு நகல் எடுத்து வைத்துவிடுவார். முதல்நாள் சாமையை மூடுவதற்கு முன்பும் எடுத்தார், அதாவது ஓடிக்கொண்டிருக்கிற சாமையோடு. அதைப் பத்திரமாக அதே ஃபோல்டரில் வைத்தார். அந்த ஃபோல்டரில் இருப்பதையெல்லாம் படி என்று எடிட்டரிடம் சொல்லி வைத்திருந்ததும் அவர்தான். அசல் மூடிவிட்டது, நகல் ஓடிக்கொண்டிருக்கிறது, எடிட்டர் நியாயமாகக் கேட்கிறது. வைத்தியம் பலிக்கவில்லை என்று அவர் பழைய நகலையே அசலாகத் திரும்ப வைத்துக்கொண்டு, அதற்கும் ஒரு நகல் எடுத்துவிட்டு, அடுத்த வைத்தியத்துக்குப் போவார். ஒவ்வொரு வைத்தியத்துக்கும் ஒரு புதுச் சாமை பிறந்துகொண்டிருந்தது. போன மாத ரிப்போர்ட்டும் அசலையும் முதல் நகலையும் சேர்த்துக் கூட்டி, இரண்டிலும் இருந்த வேலைகளை இரட்டிப்பாக்கிக் காட்டியிருந்தது.

அண்ணன் சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"நான் மூட மூட நானே பெத்துப் போட்டுக்கினு கீறேன்!"

"சரிங்கண்ணே, இப்ப எல்லாத்தையும் வேற எடத்துக்குத் தூக்கிடுங்க."

"தூக்கிடுறேன். அதுக்கு முன்னாடி எதுக்கும் ஒரு நகல்..." என்று அவர் கை தானாக விசைப்பலகைக்குப் போனது.

"கைய எடுங்க!" என்று ஸ்டெல்லா மேடம் போட்ட கூச்சலில் கீழே உரக்கடையில் தராசு ஆடியிருக்கும். அவர் அப்படிக் கத்தி அன்றுதான் கேட்டேன்.

நகல்களையெல்லாம் வேறு ஃபோல்டருக்குத் தள்ளினோம். அசலில் சாமையை மூடினார். எடிட்டரை மூடிவிட்டுத் திறந்தார். கறுப்புத் திரை அமைதியாக இருந்தது. எதுவும் கேட்கவில்லை. அண்ணன் கொஞ்சம் ஏமாந்தவர் போலக்கூட இருந்தார். அந்த மாத ரிப்போர்ட் ஒழுங்காகப் போனது. அம்மையார் நன்றி சொல்லி எழுதி, சாமை நலமா என்றும் கேட்டிருந்தார். மேடம் அண்ணனைக் கூப்பிட்டு, எடிட்டரை வைத்துக்கொள்ளலாம், ஆனால் இனிமேல் அதில் ஒரு வேலைகூட மூடாமல் கிடக்கக் கூடாது, கிடந்தால் மறுநாளே பச்சை பட்டன்தான் என்று கண்டித்துச் சொன்னார். அண்ணன் தலையில் கையை வைத்துச் சத்தியம் செய்தார். அன்றிலிருந்து அரட்டையைக்கூட மேடத்துக்குத் தெரிகிற மாதிரிதான் மூடினார்.

பிறகு எனக்குச் சென்னையில் பத்திரிகை வேலை கிடைத்தது. கிளம்புகிற அன்று மேடம் பைபிள் வாசகம் அச்சிட்ட ஒரு காலண்டர் கொடுத்தார். அண்ணன் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கணியம்பாடி பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தார். மறு தோளில் லேப்டாப் பை. ஸ்டாப்பில் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து அதைத் திறந்தார்.

"இரும்மா, க்ளாக்க ஓடவுட்டுக்கிறேன்" என்று சொல்லி, 'சுமதியைப் பஸ் ஏற்றிவிடுதல்' என்று எழுதி விசையைத் தட்டினார். பக்கத்தில் முருங்கைக்கீரைக் கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

கரடிக்கு முன்னால் நின்ற சித்தப்பா என்ன ஆனார் என்று அப்போதாவது கேட்டுவிட வேண்டும் என்று இருந்தேன். அதற்குள் வேலூர் பஸ் வந்துவிட்டது. பெட்டியை ஏற்றிவிட்டு, ஜன்னல் ஓரமாக வந்து நின்றார்.

"போய்ட்டு வர்றேண்ணே" என்றேன்.

"போய்ட்டு வாம்மா. உஷாரா இரு" என்றார். பஸ் நகர்ந்தது. அவர் லேப்டாப்பை மூடிப் பையில் வைப்பதைத் திரும்பிப் பார்த்தேன். விசையைத் தட்டினாரா என்று கவனிக்கவில்லை.

சென்ற மாதம் ஸ்டெல்லா மேடம் போனில் பேசினார். ஊர்ச் சேதியெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "உன் அண்ணன் சத்தியத்த வுட்டுட்டாரு சுமதி" என்றார். என்ன என்று பதறினேன். "உன்ன பஸ் ஏத்துன வேலை இன்னும் ஓடிக்கினே கீது. காலைல அது கேக்குது, இவரு இன்னாவோ சொல்றாரு. நான் பாக்காத மாதிரி இருந்துடுறேன். ரிப்போர்ட்ல மட்டும் அந்த ஒரு வரியைத் தூக்கிட்டு அனுப்புறேன்."

"பச்சை பட்டன் இன்னாச்சு மேடம்?"

"போவுது போ" என்றார் மேடம், குரலைத் தாழ்த்தாமலே.

உடனே அண்ணனுக்குப் போன் போட்டேன். "இருங்க, போனை ஆரம்பிச்சுக்கிறேன்" என்று யாரிடமோ பேசுவது போல ஆரம்பித்தார். நான் விடவில்லை.

"அண்ணே, நான் சென்னைக்கு வந்து சேந்து எவ்ளோ காலமாச்சு. அந்த வேலைய இன்னாத்துக்கு இன்னும் மூடாம வச்சிருக்கீங்க?"

"நீ கெளம்பும்போது இன்னா சொன்ன?"

"இன்னா சொன்னேன்? போய்ட்டு வர்றேன்னு சொன்னேன்."

"பாதிதானேம்மா முடிஞ்சிருக்குது. போய்ட்ட, இன்னும் வரல. பாதி வேலைய மூடுறவனா நானு?"

இது என்ன நியாயம் என்று கேட்கத் தோன்றியது. அதை விட்டுவிட்டு, "அது கேட்டா இன்னா சொல்றீங்க?" என்றேன்.

"தெனம் காலைல கேக்குதும்மா, இது இன்னும் ஓடுதே, இன்னா பண்ணட்டும்னு. சுமதி வந்துடும், கண்டுக்காதன்னு சொல்லிட்டு வேலையப் பாக்குறேன்" என்றார்.

அந்த வேலையை மூட நான் ஒரு நடை கணியம்பாடிக்குப் போக வேண்டும். லீவு கிடைக்காமல் இல்லை, பஸ் இல்லாமலும் இல்லை. ஆனால் நான் போய் நின்றதும் அவர் விசையைத் தட்டி மூடிவிடுவார். அப்புறம் தினம் காலையில் அவரிடம் என்னைப் பற்றி விசாரிக்க யார் இருக்கிறார்கள்?